திருகுறதோ, கவ்வுறதோ

உந்தப் பைக்குள்ளால நீட்டிக்கொண்டு நிக்கிறது காலில போடுற துடுப்புத்தானே தம்பி? ஏறேக்கையே கண்டிட்டன். நிலாவெளிக்கோ? நல்லது, நல்லது. இல்லை, யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ, எனக்கு வெயில் ஒத்துவராது. பஸ் திருகோணமலைக்குப் போக இன்னும் ஆறு மணித்தியாலம் கிடக்கு, கதைச்சுக்கொண்டு போவம்.

சொந்தமா றெகுலேற்றர் இருக்கோ, காத்துச் சிலிண்டரில பூட்டி மூச்சு எடுக்கிற சாமான்? இல்லையோ. இனித்தான் வாங்கப் போறியளோ. அப்ப நீங்கள் சரியான ஆளுக்குப் பக்கத்திலதான் வந்து இருக்கிறியள். எந்த மொடல், என்ன நிறம் எண்டு இப்ப யோசிக்காதேங்கோ. கடைக்காரன் நிறத்தைத்தான் காட்டுவான். முதல்ல பாக்கவேண்டியது அது சிலிண்டரில எப்பிடிப் பூட்டுப்படுது எண்டதை. திருகுறதோ, கவ்வுறதோ. இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் பிறகு.

கவ்வுறது எண்டா நீங்கள் இங்க கண்டிருப்பியள். ஒரு இரும்பு வளையத்தைச் சிலிண்டர் வாய்க்கு மேலால போட்டு, பின்னால ஒரு ஆணியை இறுக்கி விடுறது. பிடிச்சுக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான். காத்து வெளியில வராமல் மறிக்கிற றப்பர் வளையம் சிலிண்டரில இருக்கும், அதாவது கடைக்காரன்ர சாமான். அவன் அதை எந்தக் காலத்தில மாத்தினவனோ ஆருக்குத் தெரியும். திருகுறது அப்பிடியில்லை. அதில மரை இருக்கு. சிலிண்டர் வாய்க்குள்ள போய்த் திருகி இருக்கும். றப்பர் வளையம் உங்கட றெகுலேற்றரில, உங்கட பொறுப்பு. ஐரோப்பாவில கனபேர் வச்சிருக்கிறது அதுதான். இங்க, மாலைதீவு, தாய்லாந்து எண்டு வெளிக்கிட்டாக் கூடுதலாக் கவ்வுறது. அப்ப வீட்டில ஒண்டு, போற இடத்தில ஒண்டு. மனிசன் என்ன செய்யிறது? திருகுறதை வாங்கிறது, பயணத்துக்கு நடுவில போட ஒரு அடப்டர் கொண்டுபோறது. இதுதான் என்ர கட்சி. இண்டைக்கும் இதுதான்.

ஏன் இண்டைக்கும் எண்டு சொல்லுறன் எண்டா, இந்தக் கட்சியாலதான் என்னோட ஒருத்தரும் கதைக்கினமில்லை. நாளைக்கு என்ர மருமகன்ர முப்பத்தொண்டு, செத்து முப்பத்தோராம் நாள் காரியம். தங்கச்சியின்ர மகன், நிரோஜன், இருபத்தாறு வயசு. தங்கச்சி என்னை வரச்சொல்லேல்லை. வரவேண்டாம் எண்டும் சொல்லேல்லை. தாய்மாமன் நிக்காமல் என்ன முப்பத்தொண்டு? கேற்றைத் திறப்பாளோ தெரியாது. திறக்காட்டில் எனக்கு இஞ்ச வேற ஆக்கள் இல்லைத் தம்பி. அவள் ஒருத்திதான்.

இருங்கோ, தொடக்கத்தில இருந்து சொல்லுறன். அப்பதான் உங்களுக்கு ஞாயம் விளங்கும்.

நான் சுவிசில, பீல் எண்ட ஊரில முப்பத்திரண்டு வருசமா இருக்கிறன். குணநாயகம் எண்டு பேர். மணிக்கூட்டுக்குச் சின்னச் சின்னச் சாமான் கடையிற பக்டறியில லேத் மெசின் வேலை. ஒரு மில்லிமீற்றரை நூறாப் பிரிச்சு அதில ரெண்டு பிழைச்சாலும் சாமானைத் தூக்கிக் குப்பைக்குள்ள போடுவாங்கள். என்ர சாமான் குப்பைக்குப் போனது அருமை. கஷ்டமான வேலை வந்தா குணாவிட்டக் குடு எண்டுதான் சொல்லுவாங்கள், வெள்ளைக்காரனே சொல்லுவான். இடுப்பு நோ எண்டு போக டொக்டர் நீந்தச் சொன்னவர். நீந்தப் போன இடத்தில சுழியோடியள்ர கழகம் ஒண்டு இருந்தது, சேந்திட்டன். அம்பது வயசில. எங்கட சனம் சிரிச்சது. நல்லாக் குளிருற வாவிக்குள்ள காசு குடுத்துத் தாழுறார் எண்டு. சிரிக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

நிரோஜன் திருகோணமலையில வெளிநாட்டுக்காரரைக் கடலுக்குள்ள கூட்டிக்கொண்டு போய் மீன் காட்டுற வேலை. கெட்டிக்காரன். தங்கச்சி, தவமலர் எண்டு பேர், சுனாமியில புருசனைக் குடுத்தவள். பெடியனுக்குக் கடல் வேலை வேண்டவே வேண்டாம் எண்டு ஒற்றைக்காலில நிண்டவள். நான்தான் ரெலிபோனில கதைச்சு, நானும் தாழுற ஆள்தானே, ஒழுங்கான சாமான் இருந்தா ஒண்டும் நடக்காது எண்டு சொல்லிச் சம்மதிக்க வச்சனான். என்ர சொல்லுக்கு அவள் மறுசொல்லுச் சொன்னதில்லை.

போன வருசம் அவனுக்கு மாலைதீவில ஒரு வேலை சரிவாற மாதிரி இருந்தது. சொந்தமா றெகுலேற்றர் இருந்தா நல்லம் எண்டு அங்க சொன்னவங்களாம். எனக்கு எழுதினான். மாமா, கவ்வுறது ஒண்டு பாத்து அனுப்புங்கோ, எங்கட கடையிலயும் அதுதான், மாலைதீவிலயும் அதுதானாம் எண்டு. சின்னப் பெடியன்தானே, கண்டது அவ்வளவுதான். நான் திருகுறதைத்தான் வாங்கினன். ஒருநாளைக்கு என்னட்ட சுவிசுக்கு வந்தா? பீல் வாவியில என்னோட இறங்கேக்க கவ்வுறதை வச்சு என்ன செய்யிறது? விசா ரெண்டு தரம் மறுத்தவங்கள்தான். மூண்டாந்தரம் குடுப்பாங்கள்தானே. இதையெல்லாம் வடிவா விளங்கப்படுத்தி ஒரு அரைமணித்தியாலம் அவனோட கதைச்சனான். சரி மாமா எண்டான். அவன் எப்பவும் அப்பிடித்தான், சரி மாமா எண்டுதான் சொல்லுவான். அருமையான பிள்ளை.

அடப்டர் கடையில கிடக்கு. ஆரும் போய் வாங்கலாம். நான் வாங்கேல்லை. கடைஞ்சனான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில, பதினொரு நாள், ஒரு கையில பாணை வச்சுக் கடிச்சுக்கொண்டு கடைஞ்சனான். நல்ல பித்தளை. என்ர அடப்டரைக் கழட்டி அளந்து, கீறி, அதைப் பாத்துச் செய்தது. விளிம்பில அவன்ர பேரைத் தமிழில வெட்டினன். நிரோஜன் எண்டு எழுதுறது லேசு, வெட்டிப் பாருங்கோ, அந்த முதல் எழுத்துக்கு மேல வளைஞ்சு வாற கோடு மட்டும் ஒரு முழு நாள் திண்டது. கடையில வாங்கிற சாமானில மருமகன்ர பேர் இருக்குமோ? எனக்குப் பிள்ளையள் இல்லைத் தம்பி. மனிசியும் இல்லை இப்ப. அதையும் சொல்லவேணும்.

போன மாசம் லீவில வந்தனான். தங்கச்சி வீட்டுக்குள்ள காலை வைக்கிறன், ஹோலில சோகேஸ். அதுக்குள்ள நான் முந்தி அனுப்பின கோப்பையள், மணியள், கண்ணாடிப் பொம்மையள். அதுகளுக்கு நடுவில றெகுலேற்றர், பெட்டியோட. பெட்டிக்கு முன்னால அடப்டர், பேர் தெரியத்தக்கதாத் திருப்பி வச்சுக்கிடக்கு. எட்டு மாசமா அப்பிடியே கிடக்கு. ஒருக்கால்கூடத் தண்ணி காணேல்லை. தங்கச்சி எண்டா பெருமையாச் சொல்லுறாள், வாற ஆக்கள் எல்லாருக்கும் அண்ணை கடைஞ்சது எண்டு காட்டுறவளாம். கோபம் இல்லை, கவலை. சோகேசில வைக்கவோ நான் பதினொரு நாள் கடைஞ்சனான்?

அவனைக் கேட்டன். பழுதாப் போயிடும் எண்டு வச்சனான் மாமா எண்டான். பொய். கடைச் சாமான்தான் அவனுக்குப் பழக்கம், அந்தக் கவ்வுறது. ஒரு மாமன் வெளிநாட்டில இருந்து அனுப்பின சாமானை மாமன் வந்து நிக்கிற நேரத்திலயாவது எடுக்கிறேல்லையோ? உங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே, சித்தப்பா வாறார் எண்டா அவர் தந்த உடுப்பைத்தானே போடுவியள்? நாளைக்கு நாங்கள் ரெண்டுபேரும் இறங்கிறம், நீ இதோடதான் வாறாய் எண்டன். தங்கச்சி சோகேசைத் திறந்து, சீலைத் தலைப்பால துடைச்சு, தன்ர கையாலதான் எடுத்துக் குடுத்தவள்.

அடுத்தநாள் காலமை கடைக்குப் போனம். கடை வச்சிருக்கிறவர் மரியதாஸ் எண்டு ஒரு ஆள், குறை சொல்லக்கூடாது, அனுபவம் உள்ளவர். அடப்டரைப் போட்டு, றெகுலேற்றரைத் திருகி, சிலிண்டரைத் திறந்து பாத்தம். அடப்டரடியில சின்னதாக் காத்துச் சத்தம். காதைக் கிட்டக் குடுத்தாத்தான் கேக்கும். மரியதாஸ் சொன்னார், உதைக் கழட்டிப்போட்டுக் கடைச் சாமானைப் போடு தம்பி எண்டு. நிரோஜன் என்னைப் பாத்தான். நான் சொன்னன், புதுச் சாமான், கொஞ்சம் பழகவேணும், இறுக்கினாச் சரி. இறுக்கினன். சத்தம் நிண்டது. பாத்தியளோ, நிண்டது.

நிரோஜன் சிரிச்சுக்கொண்டு மரியதாசிட்டச் சொன்னான், "பரவாயில்லை அண்ணை. மாமா கடைஞ்சது. பிழைக்காது."

அந்தச் சொல்லு எனக்குப் போதும். ஆர் என்ன சொன்னாலும் அவன் சொன்னது அதுதான்.

நாங்கள் ரெண்டுபேரும்தான் இறங்கினம். படகுக்காரன் மேல நிண்டவன். இருபத்திரண்டு மீற்றர் ஆழம், அடியில பெரிய பெரிய பாறையள். தண்ணி அண்டைக்குக் கண்ணாடிதான். அரை மணித்தியாலம் ஒரு குறையும் இல்லை. இதை ஒருத்தரும் எழுதேல்லைத் தம்பி, பொலிசும் எழுதேல்லை, நான் மூண்டு தரம் சொன்னனான். அரை மணித்தியாலம் என்ர அடப்டர் ஒழுங்கா வேலை செய்தது. அவன் எனக்கு ஒரு ஆமையைக் காட்டினான். கையைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டினவன்.

மேல ஏறுவம் எண்டு வெளிக்கிட்ட நேரம். அவன் ஒரு பாறைக்குக் கீழால வாறான். அடப்டர் போட்டா றெகுலேற்றர் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித்தான் நிக்கும், அதையும் நீங்கள் வாங்கேக்க யோசிக்கவேணும், நான் ஒளிக்கமாட்டன். அது பாறையில தட்டுப்பட்டிட்டுது. றப்பர் வளையம் பிதுங்கி வெளியில வந்திட்டுது. குக்கர் விசிலடிச்ச மாதிரி ஒரு சத்தம், அவன்ர தலைக்குப் பின்னால ஒரே வெள்ளைக் குமிழி. நேர என்னட்ட வந்தான். கையைக் கழுத்துக்குக் குறுக்கால இழுத்துக் காட்டினான், காத்து இல்லை எண்ட சைகை, உங்களுக்கும் பழக்கியிருப்பினம். காட்டிப்போட்டு என்ர நெஞ்சுப்பக்கம் கையை நீட்டினான்.

நான் பதறேல்லை. பதறுற ஆள் நான் இல்லை. அவனைத் திருப்பி, பின்பக்கம் வந்து, அடப்டரைப் பிடிச்சன்.

என்ன? ஓம், மஞ்சள் குழாய். இருந்தது. எல்லாரும் வச்சிருக்கிறதுதானே, தனக்கொரு வாய், மற்ற ஆளுக்கொரு வாய். என்ர நெஞ்சிலதான் கொழுவிக் கிடந்தது. என்ர சிலிண்டரில பாதிக்கு மேல காத்தும் இருந்தது, நான் மெதுவாத்தான் மூச்சு விடுவன். ஆனா தம்பி, அது காத்து முடிஞ்ச ஆளுக்குக் குடுக்கிறது. அவனுக்குக் காத்து முடியேல்லையே. கசியுது. கசிஞ்சாக் கசிவைத்தானே நிப்பாட்டவேணும்? வீட்டில தண்ணிக்குழாய் வெடிச்சாப் பக்கத்து வீட்டில தண்ணி வாங்கிக் குடிச்சுக்கொண்டோ இருப்பியள்? குழாயைத்தானே பிடிப்பியள். முப்பத்திரண்டு வருசம் நான் செய்தது அதுதான். எங்க பிழையோ அங்க கையை வைக்கிறது.

இறுக்கினன். காத்து அந்த வேகத்தில வந்தா மரை ஏறாது, கையைத் தள்ளும். ரெண்டு கையாலயும் பிடிச்சன். அவன் துள்ளுறான். பயந்திட்டான், பிள்ளை. திரும்பப் பாக்கிறான், என்னைப் பிடிக்கப் பாக்கிறான், என்ர முகக் கண்ணாடியில கை பட்டது. அவன் ஆடினா நான் எப்பிடி இறுக்கிறது? அதால முழங்காலை அவன்ர முதுகில குடுத்து, பாறையோட சேத்து அமத்திப் பிடிச்சன். கொஞ்ச நேரம்தான். நிரோஜன் ஆடாதை, மாமா சரிக்கட்டிறன், மாமா சரிக்கட்டிறன் எண்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி இறுக்கினன்.

பிறகு அவன் துள்ளேல்லை. அப்பதான் மரை வடிவா ஏறினது. குமிழியும் நிண்டிட்டுது.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது தம்பி, உண்மையாச் சொல்லுறன். அப்பாடா எண்டு இருந்தது. அவனைத் திருப்பி, முகத்துக்கு நேர பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேத்து வட்டம் காட்டினன். சரி, எல்லாம் சரி எண்டு. அவன் திருப்பிக் காட்டேல்லை.

சிலிண்டர் வெறுமையாப் போனதாலதான் குமிழி நிண்டது எண்டு பிறகு சொல்லிச்சினம். பிறகு சொல்லலாம். மேல குந்தியிருந்து ஆரும் சொல்லலாம். மேல கொண்டுவந்தது நான். விட்டிட்டு வரேல்லை. நெஞ்சில அமத்தி அமத்தி, வாயில ஊதி, கரை வருமட்டும் ஊதினன். ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பெட்டை டொக்டர் வந்து அவன்ர நெஞ்சில இருந்து என்ர கையைப் பிடிச்சு எடுத்து விட்டது.

பொலிஸ் அடப்டரைக் கொண்டுபோய் ஆரோ ஒரு ஆளிட்டக் குடுத்து அளப்பிச்சது. றப்பர் வளையம் போய் அமருற முகம் ஒரு மில்லிமீற்றரில மூண்டிலொரு பங்கு கூட உள்ளுக்க வெட்டுப்பட்டிருக்காம், அதால வளையம் வடிவா நசியேல்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிலயோ அளவு பிழைக்கிறது? எதால அளந்தவங்கள் எண்டு கேட்டன், அவங்களுக்குச் சொல்லத் தெரியேல்லை. பாஸ்போட்டை வாங்கி வச்சிருக்கிறாங்கள், விசாரணை முடியுமட்டும் போகேலாது. கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில இருந்து, என்ர அடப்டர் படத்தைத் திரும்பத் திரும்பக் கீறிப் பாத்தன். முப்பது தரம் கீறியிருப்பன். ஒவ்வொரு தரமும் சரியாத்தான் வருது. கடைஞ்சது எப்பிடி வந்ததெண்டு படத்தில தெரியாது, அது வேற கதை. பாணும் கையுமாக் கடைஞ்சது. இல்லை, சரியாத்தான் கடைஞ்சிருப்பன்.

தங்கச்சியோ? சவச்சாலைக்கு வெளியில, ஒரு வாங்கில இருந்தவள். நான் போய்ப் பக்கத்தில இருந்தன். அவள் கத்துவாள், என்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சு உலுப்புவாள் எண்டு நினைச்சனான். அப்பிடிச் செய்திருந்தா நல்லாயிருந்திருக்கும். நான் எல்லாத்தையும் சொன்னன், உங்களுக்குச் சொன்ன மாதிரித்தான், திருகுறது எப்பிடி, கவ்வுறது எப்பிடி, வளையம் எப்பிடிப் பிதுங்கினது எண்டு. ஒண்டும் விடேல்லை. முழுக்கக் கேட்டாள். கேட்டுப்போட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டாள்.

"அண்ணை, அந்த நேரம் முழுக்க உன்ர வாயில காத்து வந்துகொண்டுதானே இருந்தது?"

ஓம் எண்டன். பொய் சொல்லேலாதுதானே.

"அப்ப?" எண்டாள்.

அவ்வளவுதான். அப்ப எண்டால் என்ன எண்டு நான் கேட்டன். மரை ஏறுறது உனக்கு விளங்காது மலர், காத்து வேகமா வரேக்க எண்டு திரும்பச் சொல்ல வெளிக்கிட்டன். எழும்பி உள்ளுக்க போயிட்டாள். செத்தவீட்டண்டைக்கு நான் கேற்றடியில நிண்டன், ஆரும் கூப்பிடேல்லை, வாய்க்கரிசி போடக்கூட. ரெலிபோன் எடுத்தா அடிச்சு அடிச்சு நிக்கும். ஒரு மாசமா எனக்கு அந்த ஒரு சொல்லுத்தான் கேக்குது. பல்லுத் தீட்டேக்கையும் அதுதான். மூச்சு விடேக்கையும் அதுதான்.

நான் உங்களிட்ட ஒரு உதவி கேக்கப் போறன். ஏறேக்க உந்தத் துடுப்பைக் கண்ட உடனே யோசிச்சிட்டன், அதாலதான் பின்னுக்கு சீற் இருந்தும் இதில வந்து இருந்தனான். நீங்கள் தண்ணிக்குள்ள போற ஆள், முகம் தெரியாத ஆள், எங்கட ஆக்கள் இல்லை. நீங்கள் சொன்னா நம்புவாள். பஸ் நிக்கிற இடத்தில இருந்து பத்து நிமிசம்தான், ஓட்டோ பிடிச்சுத் தாறன். கசிவு வந்தா முதல்ல கசிவைத்தான் பாக்கிறது எண்டு சொல்லுங்கோ. ஆரெண்டாலும் அதைத்தான் செய்திருப்பினம் எண்டு சொல்லுங்கோ. நீங்களும் அதைத்தான் செய்திருப்பியள் எண்டு.

செய்திருப்பியள்தானே?

யன்னலுக்கு வெளியில பாக்காதேங்கோ தம்பி. சரி. சரி, சொல்லவேண்டாம். ஒண்டும் சொல்லவேண்டாம். கூட மட்டும் வாங்கோ. நீங்கள் போய்க் கேற்றில தட்டினா, உங்களுக்குத் திறப்பாள். நிரோஜன்ர கூட்டாளி எண்டு சொல்லுங்கோ, இருத்தித் தேத்தண்ணி தருவாள். நான் உள்ளுக்க வரமாட்டன், றோட்டுக்கு அந்தப்பக்கம் நிக்கிறன். அவள் சாப்பிடுறாளோ எண்டு மட்டும் பாத்துக்கொண்டு வந்து சொல்லுங்கோ.